லார்வா எத்தனை பிழைத்திருக்கிறது? எண்ணிப் பார்க்க எளிய குறிப்புகள்

புனே மகர்பட்டாவில் இருந்துகொண்டு கடல் பார்க்க வேண்டுமென்றால் மும்பைப் பக்கம் வண்டி ஏற வேண்டும். ஆனாலும் ஹாலில் உப்புநீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீன் வளர்க்கும் ஆசை நம்மைப் போன்றவர்களை விடுவதில்லை. ஊரில் மண்டபம் பக்கத்துச் சொந்தங்களோ கொல்லைப்புறத்திலேயே தொட்டி கட்டிக் குஞ்சு வளர்க்கிறார்கள். எங்கே வளர்த்தாலும் கேள்வி ஒன்றுதான்: பொரிந்ததில் இன்றைக்கு எத்தனை உயிரோடு இருக்கிறது? அது தெரிந்தால் குஞ்சுத் தீனியான ரோட்டிஃபரும் ஆர்ட்டீமியாவும் வீணாகாது, தண்ணீர் கெடாது, கையைக் கடிக்கிற செலவும் குறையும். தொட்டி வைத்திருக்கும் தோழிகளுக்காக இதோ சில குறிப்புகள்.

1. பொரிந்த நாளை 0 என்று குறித்து, அன்றைக்கே முதல் கணக்கை எடுத்துவிடுங்கள். பத்தாம் நாளில் 5,000 குஞ்சு இருந்தாலும், தொடக்கம் 8,000மா 50,000மா என்று தெரியாவிட்டால் அது நல்ல தொட்டியா மோசமான தொட்டியா என்று சொல்லவே முடியாது.

2. முட்டை பொரிப்புக்குத் தனியாக ஒரு கிண்ணம் வையுங்கள். மிதக்கும் முட்டையில் சரியாக 100 எண்ணி, அதே தொட்டித் தண்ணீரில் விட்டு, அதே சூட்டில் வைத்தால் போதும். கொடுவா முட்டை 27, 28 டிகிரியில் 17, 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும்; கிண்ணத்தில் எத்தனை பொரிந்ததோ அதுதான் பெரிய தொட்டிக்கும் உத்தேச சதவீதம்.

3. கொடுவா, கடல் விரால் போன்றவற்றின் நல்ல முட்டை கண்ணாடி மாதிரி தெளிந்து மேலே மிதக்கும். செத்தது வெளுத்து அடியில் தங்கும். காற்றைச் சில நிமிடம் நிறுத்தி, அடியில் தங்கியதை மெல்லிய டியூபால் உறிஞ்சி எடுத்த பிறகு எண்ணுங்கள். செத்ததையும் சேர்த்து எண்ணிவிட்டு அப்புறம் 'பாதி காணோமே' என்று பதற வேண்டாம்.

4. கோமாளி மீன் கல்லிலோ ஓட்டிலோ முட்டையை ஒட்ட வைக்கும், ஆண் மீன் காவல் காக்கும். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே போனில் படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணிக்கொள்ளலாம். முட்டையிட்ட அன்று எடுத்த படத்தைவிட, முட்டைக்குள் வெள்ளிக் கண் மின்னும் கடைசி நாள் படம்தான் கணக்குக்கு உதவும். கெட்ட முட்டைகளைத் தாய் தகப்பன் இடையிலேயே தின்று தீர்த்திருக்கும்.

5. குஞ்சு எவ்வளவு திடமானது என்று அறிய ஜப்பானியப் பொரிப்பகங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பொரிந்த லார்வா 100 எடுத்து ஒரு லிட்டர் பாத்திரத்தில், தீனியே இல்லாமல் விட்டு, தினமும் செத்ததை எண்ணுவார்கள். பல நாள் தாக்குப்பிடித்தால் அந்த முட்டை நல்ல முட்டை. சீக்கிரமே சரிந்தால் அதற்காகப் புது ஆர்ட்டீமியா டப்பாவைத் திறக்குமுன் யோசிக்கலாம்.

6. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறையோடு சரி. லார்வா சோறு மாதிரி பரவி நிற்பதில்லை, நீந்திப் போய்க் கூட்டமாகச் சேரும். ஒரே ஒரு டம்ளர் மொண்டு எண்ணி முடிவு கட்டினால், அன்றைக்குக் கை போன இடத்தைப் பொறுத்து லட்சாதிபதியாகவும் தெரிவோம், எல்லாம் போச்சு என்றும் தெரியும்.

7. எத்தனை தடவை மொள்ளுவது என்று கேட்டால், மொத்தமாக எண்ணிய லார்வா குறைந்தது 100 ஆகும் வரை. நன்றாகக் கலங்கிய தொட்டியில் 100 எண்ணினால் விடை சுமார் 20 சதவீதம் முன்பின் இருக்கும். 400 எண்ணினால் 10 சதவீதத்துக்குள் வரும். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு எண்ண வேண்டியிருக்கிறது என்பதால், தினப்படிக்கு 100, 200 போதும். முதல் நாளும் விற்கப் போகும் நாளும் மட்டும் 400 வரை பொறுமையாக எண்ணுங்கள்.

8. வீட்டுத் தொட்டிக்கு இந்த மொள்ளுகிற வேலையே வேண்டாம். 100 லிட்டரில் 300 குஞ்சு இருந்தால் லிட்டருக்கு 3தான். 100 லார்வா எண்ண 33 லிட்டரைக் காலி செய்ய வேண்டும், அதாவது தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு! சில நூறு குஞ்சுதான் என்றால் விளக்கடியில் கூட்டி, படம் எடுத்து, முழுசாக எண்ணிவிடுவதே சுலபம்.

9. பெரிய தொட்டியில் மாதிரி எடுக்க ஏற்ற நேரம் ராத்திரி. பகலில் வெளிச்சம் விழும் பக்கமும் சுவரோரமும் லார்வா மொய்க்கும். விளக்கணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போனால் ஓரளவு சீராகப் பரவியிருக்கும். டார்ச்சை முன்கூட்டியே அடித்துவிடாதீர்கள்.

10. மொள்ளுவதற்குச் சில நிமிடம் முன்னால் காற்றைச் சற்றே கூட்டிவிடுங்கள். தொட்டி முழுக்க ஒரே மாதிரி கலங்க வேண்டும், ஆனால் கொதிக்கிற மாதிரி குமிழி வரக் கூடாது. சில மில்லிமீட்டர் உடம்பு அந்த அடியைத் தாங்காது.

11. சொம்பால் மொண்டால் மேல்தண்ணீர் மட்டும்தான் வரும். இரண்டு அங்குல பி.வி.சி. குழாயை நட்டுக்குத்தலாக, மெதுவாக அடிவரை இறக்கி, நூலில் கோத்த மூடியை இழுத்து அடியை மூடித் தூக்குங்கள். மேல், நடு, அடி மூன்றும் ஒரே இழுப்பில் கிடைக்கும். குழாயின் உள்விட்டம் 5 செ.மீ., தண்ணீர் ஆழம் 80 செ.மீ. என்றால் ஒரு இழுப்புக்கு 1.57 லிட்டர். உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள், கடைக்காரர் சொல்லும் இரண்டு அங்குலம் எப்போதும் சரியாக இருப்பதில்லை.

12. நடுவில் ஒன்று, ஏர் ஸ்டோன் பக்கத்தில் ஒன்று, சுவரோரம் நாலு திசையிலும் ஒவ்வொன்று என்று இடம் மாற்றி எடுங்கள். குஞ்சு கண்ணில் படுகிற இடமாகத் தேடிப்போய் மொள்ளத் தோன்றும். அதைக் கட்டாயம் அடக்க வேண்டும்.

13. கணக்கு இப்படி: பத்து இழுப்பில் 15.7 லிட்டர், எண்ணியது 314 என்றால் லிட்டருக்கு 20. வட்டத் தொட்டி 2 மீட்டர் அகலம், 80 செ.மீ. தண்ணீர் என்றால் சுமார் 2,500 லிட்டர். ஆக 50,000 லார்வா. பொரிந்த அன்று 75,000 இருந்திருந்தால் பிழைத்தது 67 சதவீதம்.

14. சராசரியை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு இழுப்பின் எண்ணையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். 18, 22, 20, 25, 17 என்று வந்தாலும் சராசரி சுமார் 20; 3, 41, 12, 38, 6 என்று வந்தாலும் சராசரி 20. முதலாவதை நம்பலாம். இரண்டாவதில் குஞ்சு கூட்டம் கூட்டமாக நிற்கிறது, தொட்டி சரியாகக் கலங்கவில்லை என்று அர்த்தம். காற்றைச் சரிசெய்து மறுபடியும் எடுங்கள்.

15. தொட்டியின் கொள்ளளவு வேறு, இன்றைக்கு அதில் நிற்கும் தண்ணீர் வேறு. பொரிப்பகத்தில் முதலில் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, நுண்பாசி கலந்த பச்சைத் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க மட்டம் ஏறும். பழைய லிட்டரால் பெருக்கினால் குஞ்சு குறைந்த மாதிரி பொய்க்கணக்கு வரும்.

16. மகர்பட்டா வீடுகளில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. ஏப்ரல், மே மாத வறட்டு வெயிலில் புனே காற்று தண்ணீரைக் குடித்துவிடும், மட்டம் இறங்கும், உப்பு ஏறும். தொட்டியில் ஒரு டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்து, மாதிரி எடுக்குமுன் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மெதுவாகச் சொட்டவிட்டு அந்தக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். குஞ்சுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.

17. எண்ணுவதற்கு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கும் வெள்ளைத் தட்டைப் போல வசதி வேறில்லை. மொண்ட தண்ணீரைக் குழி குழியாக ஊற்றினால் ஒவ்வொரு குழியிலும் ஐந்தாறு குஞ்சுதான் நிற்கும், ஒன்றையே இரண்டு தடவை எண்ணும் தொல்லை இல்லை.

18. முதல் சில நாள் லார்வா நிறமே இல்லாமல் இருக்கும், வெள்ளைத் தட்டில் தெரியாது. கண்ணாடிக் கிண்ணத்துக்கு அடியில் கறுப்புத் துணி விரித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒவ்வொன்றும் வெள்ளைக் கோடாக மின்னும். கண்ணில் கறுப்பு ஏறிய பிறகு வெள்ளைத் தட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

19. எண்ணுகிற பாத்திரம், குழாய், கரண்டி எல்லாம் இதற்கென்றே தனியாக இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் ஒரு பூச்சு போதும், லார்வா சுருண்டுவிடும். நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தாலே போதுமானது.

20. வலையால் அள்ளவே வேண்டாம், தண்ணீரோடு கிண்ணத்தில் மொள்ளுங்கள். எண்ணிய குஞ்சைத் திரும்ப விடுவதானால் விளிம்பைத் தொட்டித் தண்ணீருக்குள் சாய்த்து விடுங்கள். திரும்ப விடாததை 'எடுத்தது' என்று தனியாக எழுதுங்கள். அது சாவுக் கணக்கில் சேரக் கூடாது.

21. போன் படத்தைக் கணினியில் போட்டு எண்ண இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிள்ளைகளிடம் கொடுத்தால் புள்ளி வைத்து எண்ணித் தந்துவிடுவார்கள். தட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நம் பொறுப்பு, இல்லையென்றால் தூசியும் குஞ்சாகிவிடும்.

22. செத்ததை எண்ணி, தொடக்கத்திலிருந்து கழித்துவிட்டால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. போதாது. இளம் லார்வா செத்தால் 28 டிகிரி தண்ணீரில் சில மணி நேரத்திலேயே கரைந்துவிடும். அடியில் உறிஞ்சி எடுப்பது உண்மையில் போனதில் ஒரு பங்குதான். கழித்தல் கணக்கு எப்போதும் நம்மைப் பணக்காரராகவே காட்டும்.

23. அதற்காகச் செத்ததை எண்ணாமல் விடவும் வேண்டாம். காலையில் அடியை உறிஞ்சிய தண்ணீரை வெள்ளை வாளியில் விட்டு ஒரு பார்வை பாருங்கள். நேற்று 20, இன்று 200 என்றால் மொத்தக் கணக்கு எடுக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

24. ஒரு நாளைக்கு 5 சதவீதம்தானே போகிறது என்று ஆறுதல் பட வேண்டாம். தினம் 95 சதவீதம் பிழைத்தால் பத்து நாளில் 60 சதவீதம் மிஞ்சும், 25 நாளில் 28 சதவீதம்தான். அந்த 95-ஐ 97 ஆக்கினால் 25 நாளில் 47 சதவீதம் கையில் நிற்கும். சின்னச் சின்னக் கவனிப்பு எங்கே காசாகிறது என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மனசு ஒப்பும்.

25. தினமும் மாதிரி எடுத்துக் குஞ்சை அலைக்கழிக்காமல், ஆபத்தான நாட்களுக்கு முன்னும் பின்னும் எடுங்கள். மஞ்சள்கருப் பை தீர்ந்து வாய் திறந்து முதல் தீனி எடுக்கும் நேரம்தான் பெரிய கண்டம் என்று நார்வே நாட்டு மீன்வள ஆய்வாளர் யோஹான் யோர்ட் 1914-லேயே எழுதினார். அவர் பேசியது கடலைப் பற்றி; நம் தொட்டியிலும் அதே நாட்களில்தான் சரிவு வரும்.

26. கோமாளி மீனில் இரண்டு சரிவு: பொரிந்த முதல் சில நாள், அப்புறம் வெள்ளைப் பட்டை விழுந்து உருவம் மாறும் காலம். இரண்டு வாரத்தை ஒட்டி அந்த மாற்றம் நடக்கும். பட்டை விழுந்த குஞ்சு அடிக்கு வந்து நிற்கும் என்பதால், அதற்கு மேல் எண்ணுவது குழந்தை விளையாட்டு.

27. தீனி மிச்சமும் ஒரு கணக்குப்பிள்ளைதான். சொட்டுக் குழாயில் ஒரு மில்லி தண்ணீர் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, லென்ஸால் ரோட்டிஃபரை எண்ணுங்கள். காலையில் 20 இருந்தது நேற்று மாலையில் 8 ஆகக் குறைந்து, இன்று மாலை 15-லேயே நின்றால், தின்னும் வாய் குறைந்திருக்கிறது அல்லது குஞ்சுக்கு உடம்பு சரியில்லை. அன்று ராத்திரியே மாதிரி எடுத்துவிடுங்கள்.

28. மிச்சத்தை எண்ணாமல் மேலும் மேலும் ரோட்டிஃபர் கொட்டாதீர்கள். வயதான, பட்டினி கிடந்த ரோட்டிஃபரில் சத்து இருக்காது, தொட்டித் தண்ணீர்தான் நாறும்.

29. ஆர்ட்டீமியா டப்பா விலை நமக்குத் தெரியும். குஞ்சின் எண்ணிக்கையை வைத்துப் பொரிக்கப் போடுங்கள். அப்படியும் மிஞ்சினால் மெல்லிய காற்றோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மறுநாள் வரை சத்துக் கெடாமல் நிற்கும்.

30. மேல்தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சமையலறை டிஷ்யூ தாளை அதன்மேல் படரவிட்டு இழுத்துவிடுங்கள். லார்வா மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால்தான் காற்றுப்பை உப்பும். படலம் அதைத் தடுக்கும்.

31. உயிரோடு இருப்பதெல்லாம் தேறுவதில்லை. காற்றுப்பை உப்பாத குஞ்சு தலையைத் தூக்கிக்கொண்டு ஓயாமல் நீந்தும், விட்டால் மூழ்கும், பின்னால் முதுகும் வளையும். மாதிரியில் இவற்றைத் தனியாக எண்ணி, 'பிழைத்தது' என்றும் 'தேறுவது' என்றும் இரண்டு எண்ணாக எழுதுங்கள். விலை பேசும்போது இரண்டாவது எண்ணைச் சொல்வதே நியாயம்.

32. கொடுவா வளர்ப்பவர்களுக்கு: மூன்று வாரம் தாண்டியதும் பெரியது சின்னதை விழுங்க ஆரம்பிக்கும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற உடன்பிறப்பையே முழுசாக விழுங்கிவிடும், பிணம்கூட மிஞ்சாது. அடி சுத்தமாக இருக்கிறது, செத்தது ஒன்றுமில்லை, ஆனால் எண்ணிக்கை இறங்குகிறது என்றால் காரணம் இதுதான்.

33. அதற்கு மருந்து, மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை தரம் பிரிப்பது. ஒரே அளவுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பில் விட்டால் சின்னது நீந்தி வெளியே போகும், பெரியது தங்கும். மொத்தக் குஞ்சும் கையைத் தாண்டிப் போகும் அந்த நாளில் முழுக் கணக்கு எடுத்து, முந்தின ராத்திரி மாதிரிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். நம் குழாய் கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா என்பது அப்போதுதான் பிடிபடும்.

34. விற்கும் நாளில் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கண் பூத்துப்போக வேண்டாம். ஒரே மாதிரி வெள்ளை பேசின்கள் எடுத்து, ஒன்றில் மட்டும் சரியாக 500 எண்ணி விட்டு, மற்றவற்றில் அதே அடர்த்தி தெரியும்வரை விடுங்கள். வாங்குபவரையே ஏதாவது ஒரு பேசினைக் காட்டச் சொல்லி எண்ணிக் காட்டினால் பேச்சுக்கே இடமில்லை.

35. டீ வடிகட்டியால் அளந்து கொடுக்கும் பழக்கம் ஆற்றுமீன் குஞ்சுக்குச் சரி. கடல் குஞ்சு ஒரு அங்குலம் தாண்டி, செதில் பிடித்த பிறகுதான் அதைத் தாங்கும்.

36. புனேயில் டிசம்பர், ஜனவரி ராத்திரி 10, 12 டிகிரிக்கு இறங்கும். ஹீட்டர் இல்லாத தொட்டியில் வளர்ச்சி பின்தங்கும், பட்டை விழவும் நாளாகும். 'பதினைந்தாம் நாள் இத்தனை சதவீதம்' என்று மண்டபத்துத் தொட்டியோடு ஒப்பிடுமுன், இரண்டு இடத்துத் தண்ணீர்ச் சூட்டையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

37. கரண்ட் போனால் காற்று நிற்கும், லார்வா ஒரே இடத்தில் குவியும். பேட்டரி பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். கரண்ட் வந்த உடனே மாதிரி எடுக்காதீர்கள், மறுநாள் ராத்திரி எடுங்கள்.

38. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும்: நாள், தண்ணீர் லிட்டர், சூடு, உப்பு, ஒவ்வொரு இழுப்பின் எண், செத்தது, எடுத்தது, தீனி மிச்சம். நாலைந்து ஈடு முடிந்ததும் எந்த நாளில் நம் தொட்டி சரிகிறது என்று புரட்டினாலே தெரியும்.

39. சந்தேகம் கேட்க ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னைக்குப் பக்கம் முட்டுக்காட்டில் பரிசோதனைப் பண்ணை வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிபா 1997-ல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமான சி.எம்.எஃப்.ஆர்.ஐ. 2010-ல் கடல் விராலையும் 2011-ல் சில்வர் பொம்பனோவையும் பொரிக்கவைத்தது. நம் மகாராஷ்டிராவிலேயே நவி மும்பை ஐரோலியில் கோமாளி மீன் பொரிப்பகம் இருக்கிறது, மகர்பட்டாவிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். 'குஞ்சு நிற்கவே மாட்டேங்குது' என்று சொல்வதைவிட, எந்த நாளில் எத்தனை போனது என்று காட்டினால் அவர்களும் சரியான பதில் சொல்வார்கள்.